சுவருக்குள் போன கேபிளும் 25 வருட வாரண்டியும்

நெட்வொர்க் கேபிளிங் வேலை முடிந்து கட்டடத்தை ஒப்படைக்கும்போது கோப்பின் முதல் தாளாக ஒரு சான்றிதழ் வைத்திருப்பார்கள். தடித்த தாள், கீழே பதிவு எண், நடுவில் பெரிய எழுத்தில் 25 ஆண்டு வாரண்டி. ரேக் அறையில் (நெட்வொர்க் கருவிகளை அடுக்கும் அறை) அதைச் சட்டம் போட்டு மாட்டியவர்களைக்கூடப் பார்த்திருக்கிறேன். அதோடு வரும் பொடி எழுத்து நிபந்தனைகளை வாசித்தவர்களைத்தான் தேடிப் பிடிக்க வேண்டும்.

நான் முதலில் கேபிள் இழுக்கும் பக்கத்தில் இருந்தவன். இப்போது வேலை கொடுப்பவர்கள் சார்பில் போய், முடிந்த வேலையைச் சரிபார்த்துக் கொடுக்கிறேன். இரண்டு பக்கத்திலும் ஒரே நினைப்புதான்: 25 வருடத்துக்கு எது பழுதானாலும் கம்பெனி வந்து பார்த்துக்கொள்ளும். அப்படியெல்லாம் நடக்காது. அந்த வாரண்டி பின்னால் கைகொடுக்குமா இல்லையா என்பது கேபிள் போட்டுச் சோதிக்கும் நாட்களிலேயே ஏறக்குறைய முடிவாகிவிடுகிறது.

ஒரே கட்டடத்தில் மூன்று விதமான வாரண்டி இருக்கும். முதலாவது பொருளுக்கானது. கேபிளிலோ, பிளக் செருகும் ஜாக்கிலோ, ரேக்கில் கேபிள்கள் வந்து முடியும் பேட்ச் பேனலிலோ தயாரிப்புக் குறை இருந்தால் வேறு பொருள் தருவார்கள். அதைக் கழற்றி மாட்டும் கூலி பெரும்பாலும் நம் தலையில். இரண்டாவது, காண்ட்ராக்டர் தன் கைவேலைக்குத் தருவது. அது பெரும்பாலும் ஒரு வருடத்தோடு சரி. மூன்றாவதுதான் 15, 20, 25 என்று விளம்பரத்தில் வருவது. இதை சிஸ்டம் வாரண்டி என்பார்கள். தருபவர் கேபிள் தயாரிப்பாளர். பேனலிலிருந்து மேசையடி ஜாக் வரை முழு இணைப்பும் தன் தர வகைக்கு உரிய அளவில், அதாவது கேட்-6 என்றால் கேட்-6க்கான அளவில், கேட்-6ஏ என்றால் அதற்கான அளவில் நிற்கும், அந்த வகைக்கென்று வகுத்த அப்ளிகேஷன்கள் (ஜிகாபிட் போன்ற நெட்வொர்க் வேகத் தரங்கள்) அதில் ஓடும் என்று அவர் எழுதித் தருகிறார். பல நிறுவனங்கள் இதில் கூலியையும் சேர்த்துக்கொள்கின்றன. காண்ட்ராக்டர் பாதியில் கடையை மூடிவிட்டுப் போனாலும் தயாரிப்பாளரின் பொறுப்பு நிற்கும். இதுவே இதன் பெரிய பலன் என்பேன்.

இதற்குத் தயாரிப்பாளர்கள் கேட்பது என்ன? கேபிள், ஜாக், பேனல் எல்லாம் ஒரே நிறுவனத்தின் பொருளாக, அல்லது அவர்கள் ஒப்புக்கொண்ட கூட்டாளி நிறுவனத்தின் பொருளாக இருக்க வேண்டும். அவர்களிடம் பயிற்சி பெற்று, அந்தத் தேதியில் செல்லுபடியாகும் சான்று வைத்திருக்கும் காண்ட்ராக்டர் போட்டிருக்க வேண்டும். வடிவமைப்பு டிஐஏ-568 அல்லது ஐஎஸ்ஓ/ஐஇசி 11801 என்ற கேபிளிங் தரத்தின்படி இருக்க வேண்டும். ஒவ்வொரு இணைப்பையும் சோதித்து, முடிவுகளைக் குறித்த காலத்துக்குள் அனுப்பிப் பதிவு செய்ய வேண்டும். "ஒவ்வொரு இணைப்பையும்" என்றால் ஒவ்வொன்றும்தான். மாதிரிக்குப் பத்து பார்த்தால் போதாது.

காண்ட்ராக்டரின் சான்று விஷயத்தில் ஒரு சின்ன எச்சரிக்கை. சான்று நிறுவனத்தின் பெயரில் இருக்கும், பயிற்சி பெற்றவர் வேலையை விட்டுப் போய்ப் பல மாதம் ஆகியிருக்கும். டெண்டரில் இணைத்த நகலை நம்பாமல், தயாரிப்பாளரிடமே நேராகக் கேட்டுவிடுவது நல்லது. ஒரு மின்னஞ்சலில் முடிகிற வேலை.

அடுத்து, வாரண்டி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று பார்க்க வேண்டும். பெர்மனென்ட் லிங்க் என்பது சுவருக்குள்ளும் கூரைக்குள்ளும் அசையாமல் கிடக்கும் பகுதி. பேனலிலிருந்து ஜாக் வரை, அதிகபட்சம் 90 மீட்டர். சேனல் என்பது இரண்டு முனையிலும் செருகும் பேட்ச் கார்டுகள் என்ற குட்டிக் கேபிள்களையும் சேர்த்தது, மொத்தம் 100 மீட்டர். சான்றிதழில் பெர்மனென்ட் லிங்க் என்று மட்டும் இருந்தால் கார்டுகள் அதற்குள் வராது. சேனல் என்று இருந்தால் கார்டுகளும் அதே நிறுவனத்தினுடையதாக இருக்க வேண்டும். இங்கேதான் பலரும் வழுக்குகிறார்கள். சேனல் வாரண்டிக்குக் காசு கொடுத்துவிட்டு, ஆறு மாதத்தில் எங்கிருந்தோ வாங்கிய மலிவுக் கார்டுகளால் ரேக்கை நிரப்பிவிடுவார்கள். அந்தக் கார்டுகளில் பல, செம்பு பூசிய அலுமினியக் கம்பியாக இருக்கும். அது எந்தத் தரத்துக்குள்ளும் வராத சரக்கு. நான் யோசனை சொல்வதென்றால் பெர்மனென்ட் லிங்கைச் சோதிக்கச் சொல்வேன். கார்டு தேயும், மாறும், தொலையும். சுவருக்குள் இருப்பதைத்தான் மாற்ற முடியாது.

இனி டெஸ்டர் கோப்புக்கு, அதாவது இணைப்பைச் சோதிக்கும் கருவி சேமிக்கும் கோப்புக்கு, வருகிறேன். என் வேலையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதியும் இதுதான்.

பெரும்பாலான இடங்களில் வாடிக்கையாளருக்குக் கிடைப்பது பிடிஎஃப். ஒரு இணைப்புக்கு ஒரு பக்கம், வலது மேல் மூலையில் பச்சையாக பாஸ். ஆயிரம் பக்கம் பச்சையாக இருந்தால் யாருக்கும் மேற்கொண்டு கேள்வி கேட்கத் தோன்றாது. தயாரிப்பாளர்கள் பெரும்பாலும் பிடிஎஃபை ஏற்பதில்லை. டெஸ்டர் சேமிக்கும் மூலக் கோப்பைத்தான் கேட்கிறார்கள், அதில் உள்ள அளவுகளைத் திருத்த முடியாது என்பதால். அதே கோப்பை நானும் கேட்டு வாங்குவேன்.

ஒரு கட்டடத்தில் கூரையில் வைஃபை கருவிகளுக்கென்று போட்ட கேட்-6ஏ இணைப்புகளின் கோப்பைத் திறந்தேன். எல்லாம் பாஸ். நீளம் வாரியாக வரிசைப்படுத்தினேன், அது என் வழக்கம். 38.4 மீட்டர் என்று ஒரு வரி, அடுத்ததும் 38.4, அதற்கு அடுத்ததும் 38.4. இப்படிப் பதினாறு. தாழ்வாரத்தின் இந்தக் கோடியில் இருக்கும் கருவிக்கும் அந்தக் கோடியில் இருக்கும் கருவிக்கும் ஒரே ரேக்கிலிருந்து ஒரே நீளமா? சரி, தற்செயல் என்றே வைத்துக்கொள்வோம். கேபிளுக்குள் நான்கு ஜோடிக் கம்பிகள் உண்டு, ஒவ்வொன்றின் முறுக்கும் வேறு. அதனால் ஒரே கேபிளிலேயே நான்கு ஜோடிக்கும் டெஸ்டர் நான்கு வேறு நீளம் காட்டும். அந்த நான்கு எண்ணும் பதினாறு இணைப்பிலும் ஒன்றாக இருந்தன. மின்தடையும் அப்படியே. நெக்ஸ்ட் வரைகோடு, அதாவது ஒரு ஜோடியிலிருந்து பக்கத்து ஜோடிக்குக் கசியும் சத்தத்தின் வரைகோடு, ஒன்றின்மேல் ஒன்று வைத்தால் ஒரே கோடாகத் தெரிந்தது. கைரேகை மாதிரியானது அது. இரண்டு இணைப்புக்கு அச்சு அசலாக ஒத்துப்போகவே போகாது.

கடைசியில் நேரத்தைப் பார்த்தேன். ஒவ்வொரு சோதனைக்கும் இடையில் இருபது வினாடிகூட இல்லை. நல்ல டெஸ்டர் ஒரு கேட்-6ஏ இணைப்பைச் சோதிக்கப் பத்து வினாடி போல எடுத்துக்கொள்ளும். மீதிப் பத்து வினாடிக்குள் ஒருவர் ஏணியிலிருந்து இறங்கி, அதைத் தூக்கிக்கொண்டு அடுத்த இடத்துக்குப் போய், ஏறி, கூரைப் பலகையைத் தள்ளி, டெஸ்டரின் மறுமுனையைச் செருகியிருக்க வேண்டும். நடந்தது எளிது: நன்றாக வந்த ஒரு இணைப்பையே திரும்பத் திரும்பச் சோதித்து, பெயரை மட்டும் மாற்றி மாற்றிச் சேமித்திருக்கிறார்கள். தொழிலில் இருப்பவர்களுக்கு இது புதிதில்லை.

மறுபடி சோதிக்கச் சொன்னோம். பதினாறில் ஐந்து தேறவில்லை, எல்லாம் கூரைப் பக்க முனையில். ஒரு ஜாக்கைக் கழற்றிப் பார்த்தால், மேலுறையை விரல் நீளத்துக்கு உரித்து, ஜோடிகளின் முறுக்கை நாலு சென்டிமீட்டர் போலப் பிரித்து நேராக்கி, அப்படியே அழுத்தியிருக்கிறார்கள். அனுமதி 13 மில்லிமீட்டர்தான். அந்த முறுக்குதான் பக்கத்து ஜோடியின் சத்தத்தை விலக்கி வைக்கிறது. கழுத்தை வளைத்துக்கொண்டு கூரைக்குள் வேலை செய்பவருக்குக் கம்பியை நீளமாகப் பிரித்துக்கொண்டால் வசதி, அவ்வளவுதான் காரணம். வெட்டிவிட்டுப் புதிதாக டெர்மினேட் செய்ததும், அதாவது கம்பிகளை ஜாக்கில் மறுபடி அழுத்தி முடித்ததும், ஐந்தும் தேறின.

நாங்கள் பார்க்காமல் விட்டிருந்தால் சான்றிதழ் வந்திருக்கும். வைஃபை ஓடியும் இருக்கும், 1 ஜிகாபிட் வேகத்துக்கு அந்த ஜாக்குகள் ஒருவேளை தாங்கியிருக்கும். பிறகு எப்போதாவது வேகத்தைக் கூட்டும்போது இணைப்பு அறுந்து அறுந்து வர, தயாரிப்பாளரிடம் போனால் அவர் முதலில் திறப்பது அதே கோப்பைத்தான். ஒரே இணைப்பின் பதினாறு நகலைப் பார்த்துவிட்டு அவர் ஒதுங்கிக்கொண்டால் யாரும் குறை சொல்ல முடியாது.

அந்தக் கோப்பில் பார்க்க இன்னும் சில உண்டு. எந்த வரம்பை வைத்துச் சோதித்தார்கள் என்பது முக்கியம். சேனல் வரம்பில் பேட்ச் கார்டுகளுக்கும் இடம் விட்டிருப்பதால் அது கொஞ்சம் தளர்வானது. பெர்மனென்ட் லிங்க் தேறாதபோது வரம்பை மட்டும் சேனல் என்று மாற்றிப் பச்சை வாங்கிவிடுவார்கள். டெஸ்டரின் கேலிப்ரேஷன் (அளவுச் சரிபார்ப்பு) தேதியும் கோப்பில் இருக்கும். வருடத்துக்கு ஒருமுறை செய்திருக்க வேண்டும். பாஸ் என்பதன் பக்கத்தில் நட்சத்திரக் குறி இருந்தால், வரம்புக்கு மிக அருகில் போய்விட்டது, டெஸ்டரின் துல்லியத்துக்குள் அதை உறுதியாகச் சொல்ல முடியாது என்று பொருள். சில தயாரிப்பாளர்கள் அதை ஏற்கிறார்கள். நான் ஏற்பதில்லை. இரண்டு ஜாக்கையும் மறுபடி டெர்மினேட் செய்தால் பெரும்பாலும் நட்சத்திரம் போய்விடும், பத்து நிமிட வேலைக்கு எதற்கு வாதம்?

கோப்பில் இருக்கும் பெயரும் ஜாக்கின் மேல் ஒட்டிய லேபிளும் வரைபடத்தில் இருக்கும் எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை என்று நினைத்திருந்தேன். சொல்ல வேண்டியிருக்கிறது.

ஃபைபருக்கும் இதே கதைதான்: இழப்பு அளவு, முனையின் சுத்தம், தேவைப்பட்டால் ஓடிடிஆர் (ஒளித் துடிப்பை அனுப்பிப் பார்க்கும் சோதனை). அதைத் தனியே எழுத வேண்டும்.

அப்ளிகேஷன் உத்தரவாதம் என்ற வரியைப் பற்றிக் கொஞ்சம். இனி வரப்போகும் எல்லா வேகமும் இதில் ஓடும் என்று அதை எடுத்துக்கொள்கிறார்கள். அந்த வகைக் கேபிளுக்கென்று தர அமைப்புகள் வகுத்தவை ஓடும் என்பது மட்டுமே வாக்குறுதி. கேட்-6 போட்டவருக்கு 10 ஜிகாபிட் 100 மீட்டருக்குக் கிடைக்காது. பக்கத்துக் கேபிள்களின் தொல்லையைப் பொறுத்து 37 முதல் 55 மீட்டருக்குள் நின்றுவிடும். 100 மீட்டர் வேண்டுமென்றால் கேட்-6ஏ. நல்ல பக்கமும் உண்டு. 2016இல் 2.5, 5 ஜிகாபிட் தரங்கள் வந்தபோது, அதற்கு வெகுகாலம் முன்பே சுவருக்குள் போன கேட்-5இ, கேட்-6 கேபிள்களில் அவை ஓடும்படிதான் வகுத்தார்கள். ஒழுங்காகப் போட்டு வைத்தவர்கள் சுவரை உடைக்காமல் வேகத்தைக் கூட்டிக்கொண்டார்கள்.

பிஓஇ, அதாவது நெட்வொர்க் கேபிளிலேயே கருவிக்கு மின்சாரம் அனுப்புவது, வேறு ஒரு சிக்கல். 2003இல் ஒரு போர்ட்டுக்கு 15.4 வாட், 2009இல் 30 வாட், 2018இல் 90 வாட் வரை வந்துவிட்டது. கட்டுக் கட்டாகக் கேபிள் கிடக்கும் இடத்தில் இந்த மின்சாரம் ஓடினால் நடுவில் இருப்பவை சூடாகும். கவசமில்லாத கேபிளில் 20 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் சிக்னல் இழப்பு 0.4 சதவீதம் போலக் கூடும். 40ஐத் தாண்டினால் 0.6. வேலை முடிந்த அன்று குளிர்ந்த கட்டடத்தில் 88 மீட்டர் இணைப்பு தேறிவிடும். அடுத்த கோடையில், கூரைக்குள், முழு பிஓஇ சுமையில் அது என்ன செய்யும் என்பதை அன்றைய சோதனை சொல்லாது. வாரண்டி ஆவணத்தில் வெப்பநிலை பற்றியும் கட்டின் அளவு பற்றியும் ஒரு வரி இருக்கும். நீளமான ஓட்டங்களைக் கூரை வழியே கொண்டுபோகும் வடிவமைப்பாளர் அதை வாசித்தாரா என்று கேட்டுவிடுங்கள்.

கேமராவுக்கும் வைஃபை கருவிக்கும் ஜாக் வைக்காமல் கேபிள் முனையிலேயே பிளக் மாட்டி நேராகச் செருகுவது இப்போது வழக்கமாகிவிட்டது. 2018இல் தர அமைப்பான டிஐஏ அதற்கும் தனி வரம்பு வகுத்துவிட்டது, எம்பிடிஎல் என்று டெஸ்டரிலேயே இருக்கும். ஆனால் பையில் கிடக்கும் ஏதோ ஒரு பிளக்கை கிரிம்ப் செய்தால், அதாவது அழுத்தி மாட்டினால், வாரண்டி அந்த முனையில் முடிந்தது. தயாரிப்பாளரின் பட்டியலில் உள்ள பிளக்தான் வேண்டும்.

வாரண்டியில் வராதவை: எலி கடித்தது, தண்ணீர் புகுந்தது, மின்னல், ஏசிக்காரர் மிதித்தது, தச்சர் ஆணி அடித்தது. நெட்வொர்க் நின்றதால் உங்களுக்கு ஆன நஷ்டமும் கிடையாது. பழுது பார்ப்பார்கள் அல்லது மாற்றித் தருவார்கள், எது என்று தீர்மானிப்பது அவர்கள். பிரச்சினையைக் குறித்த நாட்களுக்குள் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். வந்து பார்த்துவிட்டுக் கோளாறு நெட்வொர்க் ஸ்விட்சில் என்று தெரிந்தால் வந்துபோன செலவைக் கேட்கும் நிறுவனங்களும் உண்டு.

சரி, ஒழுங்காகச் சோதித்து, பதிவு செய்து, சான்றிதழும் வாங்கியாகிவிட்டது. அப்புறம் அதைக் கெடுப்பது காலம் இல்லை, நாம்தான். ஒரு மாடியில் துறைகளை இடம் மாற்றியபோது, பராமரிப்பு ஆட்களே கூடுதல் பாயிண்ட் போட்டார்கள், ஏற்கெனவே இருந்த சிலவற்றை நடுவில் வெட்டி வேறு நிறுவனத்தின் ஜாக்கில் முடித்தார்கள். பிறகு அந்த மாடியில் புகார் வந்தபோது தயாரிப்பாளர் கை வைக்காத இணைப்புகளை மட்டும் ஏற்றுக்கொண்டார். எவை கை வைக்காதவை என்று காட்ட யாரிடமும் பதிவு இல்லை. டெஸ்டர் கோப்பு மட்டும் இருந்ததால் நீளத்தை ஒப்பிட்டுப் பிரித்தெடுத்தோம். நீளம் மாறியிருந்தால் யாரோ வெட்டியிருக்கிறார்கள். அரை நாளில் முடிந்தது. கோப்பு மட்டும் இல்லாமல் இருந்தால் ஜாக் ஜாக்காகக் கழற்றியிருக்க வேண்டும்.

கூடுதல் வேலை செய்யக்கூடாது என்பதில்லை. சான்று பெற்றவரை வைத்துச் செய்து, சோதனை முடிவை அனுப்பினால் அதையும் அதே வாரண்டியில் சேர்த்துக்கொள்வார்கள். கட்டடம் கை மாறினால் வாரண்டியும் கூடவே போகுமா என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். வாங்குபவர் பத்திரம் எழுதும்போதே கேட்க வேண்டிய விஷயம்.

இவ்வளவு நிபந்தனை உள்ள வாரண்டி தேவைதானா என்று கேட்பவர்கள் உண்டு. வாடகை இடத்தில் மூன்று வருடம் இருக்கப்போகும் சின்ன அலுவலகத்துக்கு நான் வற்புறுத்துவதில்லை. நல்ல பொருள், முழுச் சோதனை, மூலக் கோப்பு, இவை போதும். சொந்தக் கட்டடம், மருத்துவமனை, கல்லூரி, டேட்டா சென்டர் என்றால் கட்டாயம் வேண்டும் என்பேன். 25 வருடம் கழித்து யாரோ வந்து மாற்றித் தருவார்கள் என்பதற்காக மட்டும் இல்லை. இந்த வாரண்டி கேட்டால்தான் காண்ட்ராக்டருக்கு மேலே தயாரிப்பாளர் என்று இன்னொரு கண் வருகிறது. சிலர் ஆளனுப்பித் தளத்தையே பார்க்கிறார்கள். கேபிள் கட்டுகளை பிளாஸ்டிக் டையால் இறுக்கி நசுக்கியிருப்பதையும், வளைவின் ஆரம் கேபிளின் தடிமனைப் போல நான்கு மடங்குக்கும் குறையும்படி வளைத்திருப்பதையும் கூரைப் பலகை மூடும் முன்பே பார்த்துவிட முடிகிறது.

ஒப்பந்தத்தில் நான் எழுதச் சொல்வது இதுதான்: கடைசித் தவணை சான்றிதழுக்கு இல்லை, மூலக் கோப்புக்கு. கோப்பு வந்த பிறகு நாங்கள் சுட்டிக்காட்டும் பத்து சதவீத இணைப்புகளைக் காண்ட்ராக்டர் எங்கள் முன்னால் மறுபடி சோதிக்க வேண்டும், நீளமும் நெக்ஸ்ட் அளவும் ஒத்துப்போக வேண்டும். எவை என்று அன்று காலையில்தான் சொல்வோம். அதில் ஒன்று தவறினாலும் மொத்தத்தையும் காண்ட்ராக்டர் செலவில் மறுசோதனை செய்ய வேண்டும். டெண்டரிலேயே இந்த வரி இருந்தால் விலை கொஞ்சம் கூடித்தான் வரும். வேலை பாதி நடந்த பிறகு சேர்க்கப் பார்த்தால் சண்டைதான் வரும்.